கைமாறிய நான்காம் நாள்

நாய்க்குட்டி வாங்கியவரும் விற்றவரும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் முட்டிக்கொள்கிறார்கள். யார் பக்கம் நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குட்டி வீட்டுக்கு வருகிறது. திங்கள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெயர் வைத்தாயிற்று, கனடாவிலிருக்கும் பெரியம்மாவுக்கு வீடியோவில் காட்டியாயிற்று. வியாழன் காலை அது சாப்பாட்டுக் கோப்பையை முகர்ந்துவிட்டு, ஒன்றும் தொடாமல் மூலையில் போய்ச் சுருண்டு படுக்கிறது. மத்தியானம் மஞ்சள் நுரையாக வாந்தி. இரவு இரத்தம் கலந்த வயிற்றோட்டம். வெள்ளி விடிய, துவாயில் சுற்றிய குட்டியோடு மோட்டார் சைக்கிள் கால்நடை வைத்தியரின் வாசலில் நிற்கிறது. உள்ளே அவர் சேலைன் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போதே வெளியே தொலைபேசியில் சண்டை தொடங்கிவிடுகிறது.

"நான் தரேக்க துள்ளிக்கொண்டெல்லோ நிண்டது. நீங்கள் என்ன குடுத்தனீங்கள்?"

"நாங்கள் ஒண்டும் புதுசாக் குடுக்கேல்லை அண்ணை. வருத்தக் குட்டியை எங்கடை தலையில கட்டிப்போட்டியள்."

"பசுப்பால் குடுத்திருப்பியள்."

"உந்தக் கதை வேண்டாம். காசைத் திருப்பித் தாங்கோ."

உரும்பிராயானாலும் நெல்லியடியானாலும் சாவகச்சேரியானாலும் வசனம் ஏறத்தாழ இதுதான். இந்தச் சண்டையின் சிக்கல் என்னவென்றால், அனேகமான தடவைகளில் இருவருமே பொய் சொல்வதில்லை. விற்றவர் கொடுத்தபோது குட்டி துள்ளியது உண்மை. வாங்கியவர் வீட்டில் எந்தத் தவறும் நடக்கவில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். இடையில் நின்று இருவரையும் முட்டவிடுவது ஒரு வைரஸ்.

வைரஸின் நாட்கணக்கு

பார்வோ என்று எல்லோரும் சொல்லும் இந்த நோய் 1978 வாக்கில்தான் உலகின் கண்ணில் பட்டது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவான அது, இரண்டே ஆண்டுகளில் கண்டங்கள் எல்லாவற்றுக்கும் பரவியது. குட்டியின் உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்டச் சாதாரணமாக 3 முதல் 7 நாள் எடுக்கும். சிலவேளை 14 நாள் வரை போகும். அறிகுறி தெரியுமுன்னரே மலத்தோடு வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். அதாவது, முற்றத்தில் துள்ளி விளையாடும் ஒரு குட்டி அதே நேரத்தில் நோயாளியாகவும் நோயைப் பரப்புவதாகவும் இருக்க முடியும். விற்பவரின் கண்ணுக்கும் தெரியாது, வாங்குபவரின் கண்ணுக்கும் தெரியாது.

இந்த நாட்கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். கைமாறி முதல் மூன்று நாளுக்குள் குட்டி விழுந்தால், நோய் விற்றவர் வீட்டிலிருந்துதான் வந்தது என்று துணிந்து சொல்லலாம். இரண்டு வாரம் தாண்டி விழுந்தால் வாங்கியவரின் வளவையும் அவர் போய்வந்த இடங்களையும் பார்க்கவேண்டும். நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைதான் சாம்பல் நிறக் காலம். சண்டைகளில் பெரும்பங்கு அந்தக் காலத்துக்குள்ளேயே நடக்கிறது. வைத்தியரின் துரிதப் பரிசோதனைக் கீற்று "பார்வோ" என்று காட்டும். எங்கிருந்து வந்தது என்று காட்டாது. போதாக்குறைக்கு, அண்மையில் போட்ட தடுப்பூசியும் சில நாட்களுக்கு அந்தக் கீற்றில் மெல்லிய கோடாகத் தெரியலாம்.

என் தீர்ப்பைக் கேட்டால், அந்தச் சாம்பல் நிற நாட்களின் பொறுப்பில் பெரும்பங்கை விற்பவரே ஏற்கவேண்டும். தாய்க்கு ஊசி போட்டதா, அந்த வளவில் முன்பு குட்டி செத்ததா, பக்கத்து வீட்டு நாய் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வாங்குபவர் பார்ப்பது அரை மணித்தியாலம். விற்பவர் பார்த்தது இரண்டு மாதம்.

பெட்டிச் செய்தி: பார்வோ

சிகிச்சை இல்லாவிட்டால் பத்துக் குட்டிகளில் ஒன்பது வரை இறக்கும். காலத்தோடு சேலைன் ஏற்றிப் பராமரித்தால் பெரும்பாலானவை பிழைக்கும்.

நிழலான, ஈரமான மண்ணில் வைரஸ் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட உயிரோடிருக்கும். செருப்பிலும் ரயரிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

சவர்க்காரமும் டெட்டோலும் அதை அசைக்காது. வீட்டுப் பாவனைக் குளோரின் திரவத்தில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு நீர் கலந்து சீமெந்துத் தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டால் அழியும். மண் தரையை அப்படிச் சுத்தமாக்க முடியாது.

மனிதருக்கு இது தொற்றாது.

"ஒரு ஊசி போட்டாச்சு, இனிப் பயமில்லை"

விற்பவர்கள் இதைச் சொல்லும்போது பெரும்பாலும் நல்லெண்ணத்தோடேயே சொல்கிறார்கள். ஆனால் இது பாதி உண்மைகூட இல்லை. பிறந்த குட்டிக்குத் தாயின் முதற்பாலோடு எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. அது உடலில் இருக்கும்வரை, போடும் தடுப்பூசியையும் நோய் என்று நினைத்து அடித்துவிடும். அது குறையத் தொடங்கியதும் ஒரு இடைவெளி வருகிறது: நோயைத் தடுக்கத் தாயின் சக்தி போதாது, ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்க மட்டும் அது போதும். இந்த இடைவெளி ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குக்கூட வேறு வேறு வாரங்களில் வரும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஒரு ஊசியோடு விற்கப்படும் எட்டு வாரக் குட்டி பாதுகாப்பின் வாசற்படியில்தான் நிற்கிறது, உள்ளே வரவில்லை.

இன்னொன்று, அந்த ஊசியை யார் போட்டது? வைத்தியர் போட்டால் மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சிட்டையை உரித்து அட்டையில் ஒட்டி, நாள் எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்திடுவார். சிட்டை இல்லாமல், பேனையால் எழுதிய திகதி மட்டும் இருக்கும் அட்டை வெறும் கடதாசி. இந்த ஊசி மருந்து குளிரில் இருக்கவேண்டியது. எங்கோ வாங்கி, வெயிலில் கொண்டுவந்து, வீட்டிலேயே குத்திய மருந்து வேலை செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. 2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்து ரூபாய் விழுந்தபோது, இறக்குமதியாகும் மருந்தும் தீனும் விலையேறின. ஊசியில் மிச்சம் பிடிக்கிற பழக்கம் அந்தக் காலத்தில் பல வளவுகளில் வேரூன்றிவிட்டது.

வேலியிலிருந்து மதிலுக்கு

யாழ்ப்பாணத்தில் முன்பு நாய் என்றால் ஊர் நாய்தான். கிடுகு வேலிக்குள்ளால் போய்வந்து, மிச்சச் சோறும் மீன்தலையும் தின்று, படலையடியில் படுக்கும். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு விடப்பட்டவையும் அவைதான். 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ9 பாதை போர் முடிந்த 2009 இல் திறந்தது. 2014 ஒக்ரோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்தது, மதிலுக்குள் மேல்மாடி வீடு, வீட்டுக்குள் வயதான தாய் தகப்பன், பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். காவலுக்கு ஒரு "சாதி நாய்" தேவைப்பட்டது. இந்தச் சந்தை பிறந்தது அப்படித்தான். ஜேர்மன் செப்பேட், லாப்ரடோர், ரொட்வைலர், பொமேரியன். இப்போது முகநூலில் பார்த்துவிட்டு ஹஸ்கி கேட்பவர்களும் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் மனிதரே நிழல் தேடும் ஊரில் பனிநாட்டு நாயை வளர்ப்பது கொடுமை என்று நேரே சொல்லிவிடுகிறேன். ஹஸ்கி, செயின்ட் பேர்னாட் போன்றவை தமக்கு ஒத்துவராது என்று தமிழ்நாடு அரசே 2024 இல் தன் நாய் இனப்பெருக்கக் கொள்கையில் ஒதுக்கியிருக்கிறது.

காது நிமிராத செப்பேட், பெரிதாகிவிட்ட பொமேரியன்

சாவு மட்டும்தான் சண்டைக்குக் காரணம் என்றில்லை. "லயன் பொமேரியன்" என்று விற்கப்படும் குட்டி ஆறு மாதத்தில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். அப்படியொரு தனி இனம் எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் கிடையாது. பிடரி மயிர் அடர்த்தியான குட்டிக்கு வியாபாரிகள் சூட்டிய பட்டம் அது. எதிர்ப்பக்கமாகவும் ஒன்று சொல்லவேண்டும். மூன்று மாத ஜேர்மன் செப்பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "காது விழுந்து கிடக்கு, இது கிராஸ்" என்று காசு திருப்பிக் கேட்பவர்கள் அவசரக்காரர்கள். அந்தக் காது நிமிர நான்கு முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். பால்பல் விழும் காலத்தில் நிமிர்ந்த காதுகூட மறுபடி தொங்கும்.

வயதில் செய்யும் மோசடியை மன்னிக்கமுடியாது. நாற்பது நாள் குட்டியை "இரண்டு மாதம்" என்று சொல்லி விற்பது தாய்ப்பாலை மட்டும் பறிப்பதில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை குட்டி தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கடியை அடக்கப் பழகும் காலம். அதில் பாதியைத் தவறவிட்ட நாய் பிறகு பிள்ளைகளைக் கடிக்கக்கூடும். வாயைத் திறந்து பார்த்தால் ஓரளவு பிடிபடும்: எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் 28 உம் வந்திருக்கவேண்டும்.

அடுத்தது பேப்பர். "பேப்பர் கொழும்பிலயிருந்து வரும்" என்ற வாக்கில் பல ஆயிரம் ரூபாய் கூடுகிறது. கெனல் அசோசியேஷன் ஒஃப் ஸ்ரீலங்கா ஒரு குட்டிக்கு வம்சாவளிச் சான்றிதழ் தரவேண்டுமானால் தாயும் தகப்பனும் ஏற்கெனவே பதிவில் இருக்கவேண்டும், ஈற்றும் பதியப்படவேண்டும். தாயின் சான்றிதழை இன்றைக்கே காட்டமுடியாதவர் குட்டியின் சான்றிதழை ஒருநாளும் தரப்போவதில்லை.

வெளிநாட்டுக் காசு சேர்ந்தால் சிக்கல் இன்னும் இறுகும். அங்கிருந்து பிள்ளை படத்தைப் பார்த்து அட்வான்ஸ் போடுவார். இங்கே தகப்பன் போய்ப் பார்க்கும்போது படத்தில் இருந்த கடுவன் வேறொருவருக்குப் போயிருக்கும், மிஞ்சியது பெட்டை. காசும் திரும்பாது. படமே களவெடுத்த படமாக, இலக்கமே மறுநாள் செத்த இலக்கமாக இருந்த கதைகளும் உண்டு. அதற்குப் பெயர் பிணக்கு அல்ல, மோசடி. போக வேண்டிய இடம் பொலிஸ்.

கடுவன்காரருக்கு ஒரு குட்டி

வெளியே அதிகம் தெரியாத சண்டை இது. இணை சேர்க்கக் கடுவன் கொடுத்தவருக்குக் காசுக்குப் பதில் ஒரு குட்டி என்பது வாய்ப்பேச்சு. எந்தக் குட்டி? முதலில் அவர் தெரிவாரா, வீட்டுக்காரரா? ஒரே ஒரு குட்டி பிறந்தால்? பெட்டை சினைப்படவே இல்லாவிட்டால்? 63 நாள் காத்திருந்து இருவர் பகையாளி ஆவதற்கு இத்தனை கேள்விகள் போதும். இதை முன்கூட்டியே கேட்பதற்கு இருவருக்கும் கூச்சம். "உங்கடை முகத்துக்காகத் தந்தனான்" என்பது நம் ஊரின் மிக விலையுயர்ந்த வசனம். எத்தனை உறவுகள் அதில் முறிந்திருக்கின்றன என்பதற்குக் கணக்கில்லை.

விற்பவரின் கணக்கும் கேட்கத்தக்கது

நேர்மையாக வளர்க்கும் ஒருவர், தாய் சினையாக இருக்கும்போதே செலவழிக்கத் தொடங்குகிறார். குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்தே பூச்சி மருந்து. வட்டப்புழு கருவிலேயே குட்டிக்குள் போய்விடும், கொக்கிப்புழு தாய்ப்பாலோடு போகும். (உலகெங்கும் அறியப்பட்ட ஒரு கொக்கிப்புழு இனத்தின் பெயரிலேயே சிலோன் ஒட்டிக்கொண்டிருக்கிறது; 1911 இல் அதை விவரித்தபோது மாதிரி கிடைத்தது இங்கிருந்த ஒரு மரநாயின் வயிற்றிலிருந்து. நமக்குக் கிடைத்த பெருமை!) இவ்வளவும் செய்தவரிடம் வந்து, ஐயாயிரம் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசி, வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே குட்டியைக் குளிப்பாட்டி, தீனை ஒரே நாளில் மாற்றி, கோப்பை நிறையப் பசுப்பால் வைத்து, இரண்டாம் ஊசியை மறந்துவிட்டு, நாற்பதாம் நாள் "வருத்தக் குட்டி" என்று முகநூலில் பெயரைப் போட்டு எழுதினால் அவர் என்ன செய்வார்? போன மாரியில் பார்வோவில் நாய் செத்த அதே கூட்டில் புதுக் குட்டியை விட்டவர்கள் அந்த விடயத்தை வாயே திறப்பதில்லை. இப்படி நாலு அடி பட்ட நல்லவர் இத்தொழிலை விடுகிறார். அவர் விட்ட இடத்துக்கு வருபவர், பெட்டையை ஒவ்வொரு பருவமும் ஓயாமல் குட்டி போடவைக்கிற ஆளாக இருப்பார்.

சண்டை முடிந்த பிறகு

காசு திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், அதற்குப் பிறகு நடப்பவைதான் ஊரைப் பாதிக்கின்றன. செத்த குட்டியின் வைரஸ் அந்த வளவில் தங்குகிறது. மாரி ஈரத்தில் ஒழுங்கை வழியே அடுத்த வீட்டுக்குப் போகிறது. வாக்குவாதத்தில் திருப்பி எடுக்கப்பட்ட நோய்க்குட்டி மற்றக் குட்டிகளோடு சேர்க்கப்பட்டு முழு ஈற்றையும் அழிக்கிறது. "இனம் சரியில்லை" என்று மனம் விட்டுப்போனவரின் நாய், ஒரு இரவு சந்தையடியில் இறக்கிவிடப்படுகிறது. விற்காத பெட்டைக் குட்டிகள் உரப்பையோடு கோயிலடிக்குப் போகின்றன. தெருநாய் பெருகிவிட்டது என்று பிரதேச சபையைத் திட்டும் நாம், இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நம் வளவில் இருக்கிறது என்று பேசுவதில்லை.

இதைவிடப் பாரதூரமான ஒன்றும் உண்டு. குட்டிக்கு விசர் வராது என்பது பிழையான நம்பிக்கை. 1973 இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்ததாகப் பதிவு. நாய்களுக்கு ஊசி போட்டுப் போட்டுத்தான் அந்த எண்ணிக்கை சில பத்துகளாகக் குறைந்தது, பூச்சியமாகவில்லை. வாங்கிய குட்டி வழக்கத்துக்கு மாறாக நடந்து, வாய் வழிந்து, பிள்ளையைச் சுரண்டி அல்லது கடித்துச் சில நாளில் செத்தால், விற்றவரோடு சண்டை பிடிக்கும் நேரமல்ல அது. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். குட்டியைப் புதைக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) அறிவிக்கவேண்டும். பரிசோதனைக்குத் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பும் வழியை அவர் சொல்வார்.

"நாய்க்கு வழக்கோ?"

காணி, சீதனம் என்றால் தேசவழமையை வரி பிசகாமல் சொல்லும் யாழ்ப்பாணத்தவர், நாய்க்குட்டிக்கு என்ன சட்டம் என்று கேட்டால் சிரிப்பார்கள். சட்டம் இருக்கிறது, அதுவும் பழையது. விலங்கை விற்பவன் அதன் நோயைச் சொல்லியே விற்கவேண்டும் என்று பண்டைய ரோமாபுரியின் சந்தை அதிகாரிகள் விதி வைத்திருந்தார்கள். அந்த மரபைக் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர். பிறகு ஆங்கிலேயர் காலத்தில் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்ன இனம் என்று சொல்லி விற்றால் பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்கவேண்டும் என்கிறது அது. வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைக்கு அவர் பிறகு முறையிட முடியாது. ஆனால் கண்ணால் பார்த்துத் தெரியாத வைரஸுக்கு இந்தத் தடை பொருந்துவது கடினம். "நீங்கள் பாத்துத்தானே எடுத்தனீங்கள்" என்ற வாதம் நினைப்பதுபோல் அவ்வளவு பலமானதல்ல.

பெட்டிச் செய்தி: எங்கே போவது?

இணக்கசபை: 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை. சட்டத்தரணி வேண்டாம், செலவில்லை. குட்டி விலைப் பிணக்கு அதன் எல்லைக்குள் வரும். இணக்கம் வராவிட்டால் கிடைக்கும் சான்றிதழோடுதான் இத்தகைய சிறு தொகை வழக்கை நீதிமன்றம் ஏற்கும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். அழைப்பு இலக்கம் 1977. தொழிலாகச் செய்பவருக்கு இது பொருந்தும். வருடத்தில் ஒரு ஈற்றுக் குட்டியைக் கொடுக்கும் வீட்டுக்காரரை "வியாபாரி" என்று நிறுவுவது சிரமம்.

விலங்கு வதை: 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அதில் எழுதிய தண்டம் நூறு ரூபாய். 2006 இல் சட்ட ஆணைக்குழு வரைந்த விலங்குநலச் சட்டமூலம் ஆண்டாண்டாக இழுபட்டு வந்திருக்கிறது.

மற்ற நாடுகள் இதை இவ்வளவு விளையாட்டாக எடுக்கவில்லை. நியூயோர்க் மாநிலத்தில் வாங்கி 14 வியாபார நாட்களுக்குள் குட்டிக்குத் தொற்றுநோய் என்று வைத்தியர் எழுதித் தந்தால், காசையோ மாற்றுக் குட்டியையோ வைத்தியச் செலவையோ கேட்கலாம். பிறவிக் குறைக்கு 180 நாள் அவகாசம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் இடைத்தரகர் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை விற்கமுடியாது. பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துக் காட்டியே விற்கவேண்டும். குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து 2013 இல் மீட்கப்பட்ட லூசி என்ற பெட்டையின் பெயராலேயே அந்தச் சட்டம் அழைக்கப்படுகிறது. இந்தியாவில் 2017 முதல் நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதியவேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கத் தடை. இங்கே நாயைப் பதிய 1901 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. வளர்த்து விற்பவரைப் பதியச் சொல்லி யாரும் கேட்பதில்லை. வடமாகாண சபையின் கால்நடைத் திணைக்களமும் பிரதேச சபைகளும் சேர்ந்து ஒரு எளிய பதிவேட்டைத் தொடங்கினால் போதும். வீட்டுக்கு வீடு சோதனை வேண்டாம்; பெயர், வளவு, தாய் நாய்களின் ஊசி விவரம், அவ்வளவே.

அது வரும்வரை கொப்பி ஒற்றை ஒன்று போதும். குட்டியின் பிறந்த திகதி, சொல்லி விற்ற இனம், விலை, அட்வான்ஸ், ஊசி போட்ட வைத்தியரின் பெயர், பூச்சி மருந்து கொடுத்த நாட்கள். கைமாறி மூன்று நாளுக்குள் வாங்கியவரின் வைத்தியர் பார்க்கவேண்டும். பதினான்கு நாளுக்குள் தொற்றுநோய் என்று வைத்தியர் எழுதித் தந்தால் விற்றவர் இன்ன தொகை தருவார். அதற்குள் வாங்கியவர் குட்டியைத் தெருவுக்கோ வேறு நாய்களிடமோ விடமாட்டார். கீழே இரண்டு கையெழுத்து, ஒரு திகதி. கடுவன்காரரோடும் இதே மாதிரி ஒன்று. சொந்தக்காரர், தெரிந்தவர், ஒரே கோயிலடி என்பதெல்லாம் எழுதாமல் விடக் காரணமல்ல.

தாயைப் பார்க்காமல் குட்டியைத் தூக்காதீர்கள். பஸ்ஸில் பெட்டிக்குள் வரும் குட்டிக்கு முழுக்காசை முன்கூட்டிப் போடாதீர்கள். இந்த ஒற்றையில் கையெழுத்திடக் கூச்சப்படும் விற்பனையாளரிடம், அவர் யாராக இருந்தாலும், வாங்காமல் திரும்புங்கள்.